ஓலைக்கு முந்தின நாள் படகில்

முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் கத்திப் பிழைத்தவன் நான். "படியில நிக்காதே, உள்ள போ, உள்ள எவ்ளோ எடம் காலியா கெடக்குது பாரு" என்று முன்பின் தெரியாத ஜனங்களை நாள் முழுக்க அதட்டியிருக்கிறேன். நான் யார் தெரியுமா என்று எகிறினவனை எல்லாம் விசில் ஊதி நடு ரோட்டில் இறக்கிவிட்டிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவனுக்குப் பெற்ற மகளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வாய் வரவில்லை. அந்த வாக்கியம் இதுதான்: "பாப்பா, நான் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை படிப்பார்கள். பூசை முடியப்போகிற நேரத்தில் சாமியார் பெண், மாப்பிள்ளை பேரை ஊர்ப் பேரோடு வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது இருப்பதாகத் தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்பார். இப்போது அது கம்ப்யூட்டரில் அடித்த காகிதம்தான், இருந்தாலும் ஓலை என்றுதான் பேர். இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கும் அறுபத்தோரு வயதுக் கிழவனுக்கும் ஒரே முறைதான். மாப்பிள்ளை ஊரிலும் படிக்கவேண்டும், பெண் ஊரிலும் படிக்கவேண்டும். திண்டிவனத்தில் எங்கள் சாமியார் புதன்கிழமை என்னிடம் காகிதங்களை வாங்கிக்கொண்டு, ஒரு நகலைப் பெண் ஊரான வளவனூருக்கு அனுப்பிவைத்தார். வருகிற ஞாயிறு இரண்டு ஊரிலும் முதல் ஓலை. பிறகு கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "பொண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் ஃபாதர்" என்றேன். கோயில் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு கூசாமல் சொன்ன பொய் அது.

மறுநாளே மகள் ஓசூரிலிருந்து போன் செய்தாள். மாப்பிள்ளைக்கும் லீவு, பேத்தியையும் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை ராத்திரி வருகிறோம், ஞாயிறு பூசை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம் என்றாள். வேறு எந்த மாதமாவது அவள் வருகிறேன் என்றால் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவேன். இந்தத் தடவை யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோயிலில் உட்கார்ந்திருக்கிறவள் காதில் அப்பன் பேர் விழுவதற்கு முன்னால், அப்பன் வாயால் சொல்லியாக வேண்டும். நடுவில் இருப்பது சனிக்கிழமை ஒரு நாள்.

பெண் யார் என்று சொல்லிவிடுகிறேன். விழுப்புரம் – பாண்டி வண்டியில் நான் கண்டக்டராக இருந்தபோது வளவனூரில் ஏறி விழுப்புரத்தில் இறங்குவார். ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் ஆயா. பதினைந்து வருஷம் என் வண்டியில் வந்திருக்கிறார். அவரிடம் நான் பேசியது "கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவர் வீட்டுக்காரர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை கிடையாது என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

என் மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. வேலை இருந்தவரைக்கும் அது அவ்வளவாக உறைக்கவில்லை. பஸ்ஸில் அறுபது பேர் இரைச்சல், வீட்டுக்கு வந்தால் தூக்கம். ரிட்டயர் ஆன பிறகுதான் வீடு எவ்வளவு அமைதி என்று தெரிந்தது. டிவியை ஓடவிட்டு அடுப்படியில் நிற்பேன், ஆள் குரல் கேட்கட்டும் என்று. ஒரு சிலிண்டர் எனக்கு ஐந்து மாதம் வரும். போடுகிறவர் ஒரு நாள், "இன்னா சார், ஊர்லயே இல்லியா நீங்க? பக்கத்து வூட்ல மூணு மாத்திட்டாங்க, நீங்க ஒண்ணையே வச்சிக்கினு இருக்கீங்க" என்று கேட்டார். "உனக்கென்னய்யா அவ்ளோ அக்கறை, வச்சிட்டுப் போ" என்று எரிந்து விழுந்தேன். அவர் போனதும் அந்தச் சிலிண்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு காரணமில்லாமல் பஸ் ஏற ஆரம்பித்தேன். விழுப்புரம் போய், என் பழைய பாண்டி வண்டியில் உட்கார்ந்து, கடைசி வரைக்கும் போய்த் திரும்புவேன். ஒரு நாள் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வளவனூர் திரும்புகிற அவர் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்து, "என்ன கண்டக்டர் சார், இப்ப நீங்களும் டிக்கெட் எடுக்கணுமா?" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வளவனூர் வருவதற்குள் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு வருஷம் அப்படிப் பக்கத்து சீட்டில் போனது. கடைசியில் பேச்சை எடுத்தவரும் அவர்தான். "தனியா சோறாக்கி தனியா துன்றது எனக்கும் பேஜாராத்தான் இருக்குது. கோயில்ல சொல்லி முறையா பண்ணிக்கலாம்னா சொல்லுங்க. இல்லாட்டி பக்கத்துல உக்காராதீங்க, நாலு பேர் பாக்கறாங்க." ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "உங்க பொண்ணுகிட்ட நீங்களே சொல்லணும். அது சரின்னு சொல்லணும். ஒளிஞ்சி வர்றதுக்கு நான் சின்னப் பொண்ணு இல்ல."

சொல்கிறேன் என்றேன். நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன், சொல்கிறேன் என்று.

சனிக்கிழமை காலை பேத்தி போட்டில் போகவேண்டும் என்று ஆரம்பித்தாள். அவளுக்கு ஐந்து வயது, பிடித்தால் பிடித்ததுதான். வானம் மூடிக்கொண்டு இருந்தது. "இந்த மழையில எங்க போறது, பேசாம இரு" என்று மகள் அதட்டினாள். நான்தான், "போலாம் போலாம், ஜல்தி கெளம்புங்க" என்று முந்திக்கொண்டேன். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. பாண்டிக்குத் தெற்கே படகுத்துறையில் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து மிதித்துக்கொண்டு போகிற பெடல் போட் உண்டு. மாப்பிள்ளையும் பேத்தியும் ஒன்றில், மகளும் நானும் ஒன்றில். தண்ணீருக்கு நடுவில் அவளாலும் எழுந்து போகமுடியாது, என்னாலும் எழுந்து ஓடமுடியாது. முந்தின ராத்திரியே வாக்கியத்தை நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

மாப்பிள்ளை கார் ஓட்டினார். கிளியனூரில் நிறுத்தி, வேகவைத்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், வாங்கினோம். பேத்தி உரித்து உரித்து என் வாயில் ஊட்டினாள். தோலை என் சட்டைப் பையிலேயே போட்டாள். அங்கேயே தூறல் விழுந்தது. நான் மனசுக்குள் எல்லாப் புனிதரையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன்.

படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பெடல் போட் இன்னிக்கிக் கெடையாது. மழை. மோட்டார் போட்தான், பத்து பேர் சேந்தா எடுப்பாங்க."

"இது ஒரு மழையாய்யா? சாரலுக்கெல்லாம் பூட்டிட்டா எப்படி?" என்று சத்தம் போட்டேன்.

"தண்ணில கவுந்துட்டீங்கன்னா யாரு சார் பதில் சொல்றது?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். ரெண்டு போட் எடுத்து விடு."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "வுடுங்கப்பா, மானம் போவுது. அந்தப் பெடல் போட்ல அப்படி என்னதான் இருக்குது?"

என்ன இருக்கிறது என்று அங்கேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். பத்து பேர் நின்றார்கள், சொல்லவில்லை.

மோட்டார் போட்டில் எங்கள் நாலு பேரோடு ஒரு புது ஜோடியும், குழந்தை குட்டியோடு ஒரு குடும்பமும் ஏறினார்கள். எல்லோருக்கும் ஆரஞ்சு கலர் மிதவைச் சட்டை. என்னுடையதில் கொக்கி மாட்டவில்லை. மகள் குனிந்து, நாடாவை இழுத்து, சின்னப் பிள்ளைக்குக் கட்டுகிற மாதிரி முடிச்சுப் போட்டுவிட்டாள். இன்ஜின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. பேத்தி மட்டும் கத்திக்கொண்டே வந்தாள், கொக்கு, கொக்கு என்று. போட் வளைந்து பெரிய தண்ணீருக்குள் போனதும் மழை வலுத்துவிட்டது. எதிர்க்கரை தெரியவில்லை. போட்காரர் ஒரு கையால் முகத்தை வழித்துவிட்டு, கரையோரம் மரங்கள் தண்ணீருக்குள் இறங்கி நிற்கிற இடத்தில் கொண்டுபோய் ஒதுக்கி, இன்ஜினை நிறுத்தினார். "பத்து நிமிஷம் பொறுத்துக்கங்க, வுட்ரும்" என்று சொல்லி, நீலத் தார்ப்பாய் ஒன்றை எல்லோர் தலைக்கும் மேலே இழுத்துவிட்டார்.

மாப்பிள்ளை பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு முன்பக்கம் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டார். புது ஜோடிக்கு உலகமே தெரியவில்லை. பின் பெஞ்சில் மகளும் நானும் மட்டும். தலைக்கு மேலே மழை கொட்டுகிற சத்தம். நாங்கள் பேசினால் வேறு யாருக்கும் கேட்காது. பெடல் போட்டில் கிடைக்காத இடம், கேட்காமலே கிடைத்துவிட்டது. தொண்டையைச் செருமினேன்.

"அம்மாவுக்குத் தண்ணின்னா எவ்ளோ பயம் இல்லப்பா?" என்றாள் அவள்.

"ம்."

"இப்ப இருந்திருந்தா உங்களத் திட்டியே கொன்னிருப்பாங்க."

சிரித்தாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டாள். கல்யாணமாகிப் போனதற்குப் பிறகு அவள் அப்படிச் சாய்ந்ததே இல்லை. "உங்கள நெனச்சா எனக்குப் பெருமையா இருக்குதுப்பா. அவனவன் பொண்டாட்டி செத்த ஆறாம் மாசம் மாலையும் கழுத்துமா நிக்கறான். நீங்க ஆறு வருஷமா அம்மாவ நெனச்சிக்கினு ஒத்தையா இருக்கீங்க. என் ஃபிரண்ட்ஸ்கிட்ட எல்லாம் சொல்லுவேன்."

நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்த வாக்கியத்தில் ஒரு விதம்கூட மிச்சமில்லை. மழைத் தண்ணீர் தார்ப்பாயின் ஓரத்திலிருந்து என் முட்டிமேல் சொட்டிக்கொண்டே இருந்தது. காலை நகர்த்தக்கூடத் தோன்றவில்லை. மகள் தோளில் சாய்ந்திருக்கிறாள், போட் நிறைய ஜனம் இருக்கிறது, அந்த நிமிஷத்தில் இருந்த மாதிரி நான் தனியாக என் வாழ்நாளில் இருந்ததில்லை.

மழை விட்டு இன்ஜினைப் போட்டதும் பிளாஸ்டிக் கவருக்குள் இருந்த என் போன் அடித்தது. வளவனூர். எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்தேன்.

"சொல்லிட்டீங்களா, கண்டக்டர் சார்?"

மகள் பக்கத்தில் தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஆச்சு" என்றேன்.

"பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"சரின்னுச்சு. இங்க மழை. அப்புறம் பேசறேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "ஆண்டவருக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். "யாருப்பா?" என்றாள் மகள். "டிப்போ ஆளு" என்றேன்.

திரும்பும்போது விழுப்புரத்தில் தன் அம்மாவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் மாப்பிள்ளை. அதனால் வளவனூர் வழியாக வந்தோம். ஊருக்குள் நுழையும்போதே நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கரும்பு லாரி ஒன்று முன்னால் நின்று கார் நகரவில்லை. நின்ற இடத்திலிருந்து சின்னக் கோயிலின் சிலுவை தெரிந்தது. மகள் பழக்கத்தில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "சித்தி வூட்டுக்கு எப்பவோ வந்திருக்கோம், இந்தக் கோயிலுக்கு நம்ம வந்ததே இல்ல இல்லப்பா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். அந்தச் சிலுவைக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் அவர் இருக்கிறார், என் வார்த்தையை நம்பிக்கொண்டு. லாரி நகர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் மெழுகுவத்தி வாங்கவேண்டும் என்று சொல்லிவிட்டு நேராகச் சாமியாரிடம் போனேன். "நாளைக்கு என் ஓலையப் படிக்காதீங்க ஃபாதர். ஒரு வாரம் தள்ளிப் போடுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பொண்ணுக்குத் தெரியும்னீங்களே?"

"ஒரே ஒரு வாரம் ஃபாதர்" என்றேன்.

"சரி, இங்க படிக்கல. வளவனூருக்கு யார் சொல்றது?"

"நான் சொல்லிக்கறேன் ஃபாதர்."

எப்படிச் சொல்வது? அங்கே நிறுத்தவேண்டும் என்றால் அவரிடம் உண்மையைச் சொல்லவேண்டும். போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன். அது சின்னக் கோயில், சாமியார் வெளியிலிருந்து வரவேண்டும், இந்த மழையில் எங்கே வரப்போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்டக்டராக இருந்தபோது இப்படி ஒரு சாக்கை எவனாவது சொல்லியிருந்தால் வண்டியை விட்டே இறக்கியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் வேறொரு ஜோடிக்கு ஓலை படித்தார்கள். சாமியார் காகிதத்தை மடித்து வைத்தார். எனக்கு முதுகிலிருந்து மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. வெட்கமே இல்லாமல் கடைசிப் பாட்டைச் சத்தமாகப் பாடினேன்.

ஒன்பது மணிக்கு மகள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போன் அடித்தது. வளவனூரில் வாழ்க்கைப்பட்ட அவள் சித்தி, என் மனைவிக்கு ஒன்றுவிட்ட தங்கை. மகள் தோசைக் கரண்டியைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். "யாருக்கு?" என்றாள். "எந்த அப்பாவுக்கு?" என்றாள். தோசை கருகி வாடை வந்தது. போனை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"அப்பா, அந்தக் கோயில்ல உங்க பேரப் படிச்சாங்களாமே?"

மாப்பிள்ளை பேத்தியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார், நல்ல மனுஷன். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நாலு மாதமாக வராத வாய் ஐந்து நிமிஷத்தில் கொட்டித் தீர்த்தது. அவள் அழுதாள். என்மேல் கோபத்தில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"நேத்து போட்லயே சொல்லியிருக்கலாமேப்பா."

"நீதான் பெருமையா இருக்குதுன்னு சொன்னியே பாப்பா. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"ஐயோ, அதப் போயி பிடிச்சிக்கினீங்களா?" தலையில் அடித்துக்கொண்டாள். "உங்கள இங்க ஒத்தையா வுட்டுட்டு நான் அங்க நிம்மதியா துன்னுட்டுத் தூங்கறேன். அது எனக்கு எப்படிக் குத்துது தெரியுமா? அதுக்குத்தான் பெருமை கிருமைன்னு ஏதோ சொல்லி வச்சேன். நான் வேணாம்னா சொல்லப் போறேன்?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சட்டென்று என்னைப் பார்த்தாள். "ஆமா, இங்க ஏன் படிக்கல?"

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, இப்பவே போன் பண்ணுங்க."

பின்பக்கம் துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து போன் செய்தேன். அவர் குரல் என்றைக்கும் இல்லாத சந்தோஷத்தில் இருந்தது. "படிச்சாங்க கண்டக்டர் சார். அத்தன பேரும் திரும்பிப் பாத்தாங்க. பாத்தா பாக்கட்டும், பொண்ணே சரின்னுட்டா, எனக்கென்னன்னு நானும் நிமிந்து உக்காந்துட்டேன். அங்க படிச்சாங்களா?"

இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். படிக்கவில்லை, நான்தான் நிறுத்தினேன், நேற்று மகளிடம் சொல்லவே இல்லை, இப்போதுதான் அவளுக்குத் தெரியும், இப்போது அவளுக்குப் பரிபூரண சம்மதம் என்று வரிசையாகச் சொன்னேன்.

"அப்ப, நேத்து போட்லேர்ந்து சொன்னது?"

"பொய்தாங்க."

"சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க என் போனை அவர் எடுக்கவில்லை.

எங்கள் சாமியாரிடம் போய், இந்த ஞாயிறு என் ஓலையைப் படித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, அந்த ஞாயிறு நான் விடியற்காலை வண்டி பிடித்து வளவனூருக்குப் போனேன். நேரில் பார்த்துக் கேட்டால் அவர் மனசு மாறும் என்று ஒரு நப்பாசை. கடைசி வரிசையில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்தேன். அவர் பெண்கள் பக்கம் முன்வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார். பூசை முடியும்போது சாமியார் காகிதத்தைப் பிரித்தார். இரண்டு ஜோடிக்குப் படித்தார். இரண்டும் நாங்கள் இல்லை. காகிதத்தை மடித்தார். போன வாரம் எனக்கு மூட்டை இறங்கின மாதிரி இருந்ததே, அதே மடிப்புதான். திண்டிவனத்தில் அதே நேரத்துக்கு என் பேரையும் அவர் பேரையும் சேர்த்து வாசித்திருப்பார்கள். கேட்க நான் அங்கே இல்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவரே குடையோடு என்னிடம் வந்தார். வாங்க, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வர்றேன் என்று பாதிக் குடையை என் பக்கம் நீட்டினார்.

"பாப்பா சரின்னுட்டா. இனிமே என்ன தடை?" என்றேன்.

"தெரியும். போன் பண்ணி என்கிட்ட பேசுச்சு. தங்கமான பொண்ணு. அது வாயத் தொறந்து பேசுது."

"நான் பேசறேங்க. இனிமே எதுவா இருந்தாலும் பேசறேன்."

அவர் தண்ணீர் தேங்கின இடத்தைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தார். "எங்க வூட்டுக்காரரும் கெட்டவரு இல்ல கண்டக்டர் சார். பயந்த ஆளு. அவங்க அம்மாவுக்குப் பயந்து, அண்ணனுக்குப் பயந்து, எங்கிட்ட ஒண்ணு சொல்லுவாரு, அங்க ஒண்ணு சொல்லுவாரு. பதினோரு வருஷம் அப்படி இருந்து பாத்துட்டேன். இன்னொருக்கா முடியாதுங்க. தனியா துன்றதே தேவலாம். அதான் நான் சாமியாருகிட்ட போயி நம்ம ஓலையத் திருப்பி வாங்கிட்டேன்."

திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கத்தத்தான் எனக்கு வரும். அவர் திட்டவில்லை. பஸ் வந்ததும், நான் ஏறும்வரை குடையை என் தலைக்கு மேலேயே பிடித்திருந்தார். அவருடைய ஒரு பக்கத் தோள் முழுக்க நனைந்துபோயிருந்தது.

உள்ளே போகாமல் படியிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குடை கோயில் பக்கம் திரும்பி, மூன்றாவது தெருவுக்குள் போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் சின்ன வயசு ஆள். முதுகில் தட்டி, "படியில நிக்காதீங்க பெரியவரே, உள்ள எவ்ளோ எடம் காலியா கெடக்குது பாருங்க" என்றார். உள்ளே போய் இரண்டு பேர் சீட்டு ஒன்றில் உட்கார்ந்தேன்.